பக்கத்துக் கட்டில்

பிப்ரவரி 1, திங்கள்

அன்புள்ள பேனாக்காரிக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயரை எழுதலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசித்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. பிடிக்காவிட்டால் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மீதியைப் படி.

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அண்ணன் போனபோது வந்தாய், வாசலில் நின்று, "வர்றேன் அண்ணி" என்றாய், போனாய். பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தைகூட இல்லை. அவர்தான் உன்னைப் பார்க்க வந்து போய்க்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டால், "இருக்கா" என்பார். அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வராது.

ஏன் போன் செய்யாமல் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நாலு வருஷம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஊசி போட்டார்கள். காய்ச்சல் போனது, கூடவே காதும் போனது. இப்போது குண்டு போட்டால்கூடத் தலையணை விழுந்த மாதிரிதான் இருக்கும். மகன் ஒரு வெள்ளைப் பலகை வாங்கித் தந்திருக்கிறான். வீட்டில் எல்லாரும் அதில்தான் எழுதிக் காட்டுகிறார்கள். மருமகள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள், நல்ல பெண். ஆனால் "சாப்பாடு", "மாத்திரை", "குளிர்" தவிர வேறு எழுத அவளுக்கு நேரம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு டிவியில் "வந்த வழி" என்று ஒரு நிகழ்ச்சி வருகிறதே, பிரபலமானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுடைய தாத்தா பாட்டி, பூர்வீகம் எல்லாம் தேடிக் காட்டுவார்களே, நீயும் பார்ப்பாயா? இங்கே ஒரு வாரம் தவறாது. நான் படம் மட்டும் பார்ப்பேன். நேற்று முடிவில், இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி வரப்போகிறவரின் முகத்தைக் காட்டினார்கள்.

அந்தச் சிரிப்பு நடிகை. தொடரில் பஸ் கண்டக்டராக வந்து, ஊரே கண்டக்டரம்மா என்று கூப்பிடுகிற அந்தப் பெண்.

பேனாக்காரி, அவள்தான் அந்தக் குழந்தை. அவளை வளர்த்த பஸ் டிரைவருடைய மனைவி, அவள் முதல் படத்தில் நடித்தபோது எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை. எனக்குப் புரிந்தது.

அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைக் காட்டினார்கள். உன் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துப் படிக்கட்டைக் காட்டினார்கள். ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிற கையைக் காட்டினார்கள். அதற்கு மேல் என் கண்ணில் எதுவும் ஏறவில்லை.

உன்னைத் தவிர இதை யாரிடம் சொல்வேன்?

அண்ணி


பிப்ரவரி 6, சனி

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் முதல் தேதிக் கடிதம் நான்காம் தேதி கிடைத்தது. உங்கள் காது பற்றி எனக்குத் தெரியாது. வருத்தமாக இருந்தது.

எனக்கு இது புதிய செய்தி அல்ல. நவம்பர் மாதமே அந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நான் இப்போது ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் பட்டியலைப் பார்த்து விலாசம் கண்டுபிடித்திருக்கிறாள். பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். ஒரே தேதி, அடுத்தடுத்து இரண்டு பதிவுகள். நாற்பத்தொன்று: டிரைவரின் மனைவி, பெண் குழந்தை, உயிருடன். நாற்பத்திரண்டு: பதினெட்டு வயதுப் பெண், கணவர் பெயர் இல்லை, பெண் குழந்தை, உயிரற்றுப் பிறந்தது. கீழே கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே மேடம்?" என்று கேட்டாள்.

"கண்ணு சரியாத் தெரியலம்மா" என்றேன்.

பாவம், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுலயும் தெரியலம்மா" என்றேன். அவள் படி இறங்கிப் போன பிறகு ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே நுழைந்தது.

நான் பொய்யாக எழுதிய பக்கம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். முப்பத்தாறு வருஷ வேலையில் வேறு எதற்கும் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. அதற்காகத்தான் நான் வீட்டைவிட்டு விலகினேன், மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அதற்காக அல்ல. இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிடுகிறேன்.

பிரசவ வார்டு நர்ஸாக நீங்கள் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, அந்தப் பெண் என் கவுன்ட்டருக்கு வந்தாள். குழந்தை செத்துப் பிறந்ததற்குச் சான்றிதழ் வேண்டும் என்றாள். அவள் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய குழந்தை மூன்று தெரு தள்ளி டிரைவர் வீட்டில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. குழந்தை செத்துவிட்டது என்று நீங்கள் சொன்னதை நம்பி வந்தவளுக்கு, ஆமாம் செத்துவிட்டது என்று நான் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

பிள்ளையில்லாதவளுக்கு ஒரு பிள்ளை கிடைக்க வேண்டும் என்று நினைத்தீர்கள், சரி. அதற்காக இன்னொருத்தியிடமிருந்து திருடலாமா அண்ணி? உங்கள் கையால் அதற்குப் பிறகு ஒரு வாய் சாப்பிட என்னால் முடியவில்லை. அண்ணனிடம் சொல்லவும் முடியவில்லை. போய்விட்டேன்.

இதற்குப் பதில் வேண்டாம். நிகழ்ச்சி வரட்டும். வருவது வரட்டும்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 22, திங்கள்

அன்புள்ள பேனாக்காரிக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இரண்டு வாரம் பொறுத்தேன். இனி முடியாது.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம் சிரித்தது. கோபித்துக்கொள்ளாதே. நாற்பத்து மூன்று வருஷமாக, உன் வேலைக்கு ஆபத்து கொண்டுவந்தேன் என்றுதான் நீ என்மேல் கோபமாக இருப்பதாக நினைத்திருந்தேன். நீ இதை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அப்புறம் அழுதேன். நீ எழுதியதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு வாக்கு கொடுத்திருக்கிறேன். அவளாகச் சொல்லும்வரை நான் வாய் திறக்க மாட்டேன் என்று. உன் அண்ணனுக்கே சொல்லவில்லை.

நேற்று அவள் டிவியில் வந்தாள். வாய் திறந்தாள். எனக்குக் கேட்கவில்லை! என் நிலைமையைப் பார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஐந்தரை மணிக்கே எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். அவருக்குக் கண்டக்டரம்மா என்றால் உயிர். மகன், மருமகள், நான். எனக்குப் பழைய சாய்வு நாற்காலி. அதிலிருந்து டிவியும் தெரியும், எல்லார் முகமும் தெரியும். காது போன பிறகு நான் படத்தைவிட முகங்களைத்தான் பார்ப்பேன். எல்லாரும் சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன்.

முதலில் அவள் பழைய பஸ் ஒன்றின் முன்னால் நின்றாள். டிரைவர் போட்டோ, அவர் மனைவி போட்டோ. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போல, போட்டோவுக்கு முன்னால் அவள் முகம் அப்படி இருந்தது. பிறகு ஆஸ்பத்திரி. நான் வேலை பார்த்த பிரசவ வார்டில் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். பிறகு உன் பதிவேடு. உன் கையெழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினார்கள். அப்போது டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். என் மருமகளைத் தொட்டு, என்ன என்று கேட்டேன். பலகையில் எழுதிக் காட்டினாள்: "குழந்தை மாத்தின கதை. அந்த நர்ஸைப் பிடிச்சு உள்ள போடணும்னு சொல்றார்."

அதைப் படித்துவிட்டு நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

பிறகு ஒரு நாற்றுப் பண்ணை. வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஒரு பெரிய மனுஷி குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பினாள். அவளேதான். அறுபதைத் தாண்டியிருக்கிறாள், தலை வெளுத்துவிட்டது, ஆனால் அந்த முகவாய் மாறவில்லை. அவள் பேசினாள் பேசினாள், எவ்வளவு நேரம் பேசினாள் தெரியுமா? கையிலிருந்த குழாய் ஒரே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி மண் வழிந்து ஓடியது. யாரும் குழாயை மூடவில்லை. கண்டக்டரம்மா அவள் வாயையே பார்த்தபடி நின்றாள்.

இங்கே அறையில் ஒருவரும் அசையவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என் மருமகள் அழுதாள். கோபத்தில் அழுகிறாளா, இரக்கத்திலா? முகத்தை வைத்து எல்லாம் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். நேற்று ஒன்றும் புரியவில்லை. திடீரென்று கண்டக்டரம்மா ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள், எல்லாரும் கண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள்? யாரைச் சிரிக்கிறார்கள்?

அவள் மனசு மாறி, நான் ஏமாற்றிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்வேன்? சொல்லலாம். அவள் புருஷன் பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிச் சொல்வதுதான் அவளுக்குச் சுலபம். சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

மருமகளிடம் முழுவதும் எழுதிக் காட்டச் சொல்ல எனக்குப் பயம். நீ பார்த்திருந்தால், எனக்காக இல்லாவிட்டாலும், அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் எழுது. கெட்டதாக இருந்தாலும் எழுது.

அண்ணி


பிப்ரவரி 24, புதன்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே நான் பார்த்துவிட்டேன். ஆனால் முதல் தடவை பார்க்கும்போது எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் பாதிதான் மனதில் நின்றது. புதன்கிழமை பதினோரு மணிக்கு மறு ஒளிபரப்பு உண்டு. அதனால் உங்களுக்கு உடனே எழுதாமல், நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்குச் சுருக்கெழுத்து இன்னும் மறக்கவில்லை. இப்போது ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கண்டக்டரம்மா முதலில் சொன்னது, தன் அம்மா சாகும் முன்பு சொன்ன வார்த்தை: "நீ எனக்குப் பொறந்தவ இல்லடி. எனக்குக் கெடச்சவ." அதனால்தான் தேடி வந்தாளாம். அப்புறம் நாற்றுப் பண்ணையில், "உங்ககிட்டருந்து என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். அதற்கு அந்த அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்.

"என்கிட்டருந்து யாரும் புடுங்கலம்மா. நான்தான் குடுத்தேன். எங்கப்பா வெளிய வேனோட நிக்கறாரு. கொழந்தையைக் கொண்டுபோய் ஏதோ ஒரு இல்லத்துல போட்டுட்டு, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாரு. எந்த இல்லம்னுகூடச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா. விடியக்காலைல அவங்களுக்குச் செத்துப் பொறந்திருக்கு. அது மூணாவது தடவையாம். நான்தான் நர்ஸக்கா கையைப் பிடிச்சுக் கேட்டேன், இதை அவங்களுக்குக் குடுத்துடுங்கக்கா, எங்கப்பாகிட்ட செத்துப் போச்சுன்னு சொல்லிடுங்கன்னு. அந்த நர்ஸக்கா ஒத்துக்கவே இல்ல. மூணு தடவை கேட்டாங்க. நாளைக்கு அழுவே, அடுத்த வருஷமும் அழுவே, அப்ப வந்து திரும்பக் கேட்டா என்னால வாங்கித் தர முடியாது, யோசிச்சுக்கோன்னாங்க. நான் யோசிச்சுட்டேன்னேன். உங்க வாயால இதை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். இன்னைக்கு வரைக்கும் அவங்க சொல்லல, பாருங்க. இப்ப உங்க முன்னாடி நானே சொல்றேன். அவங்க உயிரோட இருந்தா இதைக் கேக்கட்டும்."

அண்ணி, இந்த இடத்தில் நான் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன் என்று எழுத ஆசைதான். நிறுத்த முடியாதே, ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுத்துச் சொன்னாள்:

"அப்பா நம்பல. பேப்பர் வேணும்னாரு. ஆபீசுக்குப் போனேன். அழுதாத்தான் நம்புவாருன்னு, அழற மாதிரி நடிக்கணும்னு நெனச்சுக்கிட்டே படியேறினேன். நடிக்க வேண்டியே வரல. தன்னால வந்துச்சு. கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு, எனக்கு மூத்தவங்களா இருப்பாங்க. எழுந்து வந்து தண்ணி குடுத்தாங்க. அவங்க கண்ணும் கலங்கியிருந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்ட, அழாதீங்க, என் கொழந்தை நல்லா இருக்குன்னு சொல்லிடலாமான்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

அப்போதுதான் கண்டக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தன நாளா நடிப்பு எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. இப்பல்ல தெரியுது!" அதற்குத்தான் உங்கள் அறையில் எல்லாரும் சிரித்தார்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் தண்ணீர் கொடுத்ததே எனக்கு நினைவில்லை. அவள் நினைவு வைத்திருக்கிறாள்.

இப்போது என் முறை. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நீங்கள் பதில் சொல்லியிருக்க முடியாது, ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருப்பேன். கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன். எத்தனை வருஷம், எத்தனை நல்லது கெட்டது. உங்கள் மகன் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனதைக்கூட நான் பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் போதாது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணி.

நேற்று நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் நல்ல கூட்டம். எல்லாரும் இந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் சொல்கிறார், "என்னதான் சொல்லுங்க, நர்ஸ் செஞ்சது சட்டப்படி தப்பு." ஒரு அம்மா, "சட்டம் வந்து பால் குடுக்குமா?" என்றார். கடைக்காரர் மாத்திரையை வெட்டிக்கொண்டே, "அவங்க எங்க இருக்காங்களோ, காசு வாங்கிட்டுத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார்.

நான் வரிசையில் நாலாவது ஆள். "ஒரு பைசா வாங்கல" என்று சொன்னேன். எல்லாரும் திரும்பினார்கள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கடைக்காரர்.

"அது எங்க அண்ணி" என்றேன். "அந்தக் கையெழுத்து என்னுது."

மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று காலை அந்தக் கடைக்காரரே மருந்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

உங்கள்
பேனாக்காரி


மார்ச் 1, திங்கள்

என் பேனாக்காரிக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படிக்கச் சொன்னது முதல் பத்தியின் கடைசியில்தான் வந்தது, அதற்குள் எனக்கு உட்காரப் பொறுமை இல்லை. "நான்தான் குடுத்தேன்" என்ற இடத்துக்கு வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் விழுந்துவிட்டேன் என்று மருமகள் ஓடிவந்தாள். நான் அழுதுகொண்டே சிரிக்கிறேன், அவள் டாக்டருக்குப் போன் போடுகிறாள், நான் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன். ஒரே அமளி.

பலகையைப் பிடுங்கி எழுதினேன்: "அந்த நர்ஸ் நான்தான்."

அவள் படித்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் அவளும் தரையில் உட்கார்ந்தாள். மகன் வேலையிலிருந்து வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அவனுக்கு இரவுச் சாப்பாடு ரொட்டியும் ஜாமும்தான். சாப்பிட்டு முடித்தான். பிறகு பலகையில் எழுதினான்: "அப்பாவுக்குத் தெரியாதா?" இல்லை என்றேன். "எப்படிம்மா?" என்று எழுதினான். பழகிவிட்டது என்று எழுதினேன்.

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு விஷயம் போய்விட்டது. மறுநாள் காலையில் வந்து நின்றார். என்னை உள்ளே போடணும் என்று சொன்ன மனுஷன், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பலகையை வாங்கி, தன் பிறந்த தேதியை எழுதினார். கீழே எழுதினார்: "நானும் அந்த ஆஸ்பத்திரிதான். என்னையும் மாத்திட்டீங்களா?"

எப்படிச் சிரித்தேன் தெரியுமா! "உங்கப்பா மூக்கோடதான் பொறந்தீங்க, தைரியமாப் போங்க" என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்ததோ, மாடி ஜன்னல்கள் திறந்தன. அன்றிலிருந்து இன்றுவரை இன்னும் மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள். ஒருத்தி, தன் அக்காவை மாற்றிவிட்டேனா என்று கேட்டாள். மாற்றியிருந்தால் நன்றாயிருக்கும் என்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நீ மன்னிப்புக் கேட்டாய். எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் மூன்று தடவை கேட்டேன். டிரைவர் மனைவியிடம் கேட்டேன். அவள் சம்மதித்த பிறகுதான் குழந்தையை எடுத்துக் கொடுத்தேன். எல்லாரையும் கேட்டவள் உன்னைக் கேட்கவில்லை. அலுவலகம் மூடுகிற நேரத்தில் வந்தேன், சீட்டை நீட்டினேன், "ரெண்டு கொழந்தையையும் மாத்தி எழுது, ஏன்னு அப்புறம் சொல்றேன்" என்றேன். அப்புறம் சொல்லவே இல்லை. நீ என் வீட்டுப் பெண், நான் சொன்னால் செய்வாய் என்று இருந்துவிட்டேன். உன் கை, உன் கையெழுத்து, உன் வேலை. அதை என்னுடையது மாதிரி எடுத்துப் பயன்படுத்தினேன். நீ தப்பாக நினைத்ததற்கு வழி விட்டதே நான்தான். உண்மையைச் சொல்ல முடியாவிட்டாலும், "இதுல உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, என்னை நம்பு" என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரிக்கு வாக்கு குறுக்கே நிற்கவில்லை. என் வீம்புதான் நின்றது. நம்பாதவளிடம் என்ன பேச்சு என்ற வீம்பு.

அதனால் கணக்கு பார்க்க வேண்டாம். இரண்டு பேரும் முட்டாள்கள். வயதில் மூத்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்.

இந்த வாரம் எனக்குப் பகலிலும் தூக்கம் வருகிறது. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் இரண்டு மணி நேரம். மருமகள் வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். வருகிறது என்று நானே சொல்லி அனுப்புகிறேன்.

உன்
அண்ணி


மார்ச் 8, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீங்கள் கேட்டதை நான் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எழுதினால் நான் காகிதத்தை நனைத்துவிடுவேன்.

நான் ஒரு காரியம் செய்தேன். உங்களைக் கேட்காமல்தான் செய்தேன், ஆனால் உங்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, என்னைப் பற்றி மட்டும் எழுதினேன். நிகழ்ச்சிக்காரர்களுக்கு ஒரு கடிதம் போட்டேன்: பதிவு நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, இரண்டின் கீழும் உள்ள கையெழுத்து என்னுடையது, அதற்கு வரும் எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்கிறேன். விலாசம், தொலைபேசி எண், கையெழுத்து.

வெள்ளிக்கிழமை, நவம்பரில் என்னைத் தேடி வந்த அந்தப் பெண் போன் செய்தாள். "கண்ணு சரியாயிடுச்சா மேடம்?" என்றுதான் ஆரம்பித்தாள். எனக்கு மானம் போயிற்று. அன்றைக்கே அவளுக்குத் தெரியுமாம். நான் வாசல் கதவில் ஒட்டியிருந்த "மணி அடிக்கவும்" சீட்டின் எழுத்தும் பதிவேட்டு எழுத்தும் ஒன்றாக இருந்ததாம். வயதானவரை வருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாளாம். சட்டம் பற்றிக் கேட்டேன். அவர்கள் வக்கீல் பார்த்துவிட்டாராம். சம்பந்தப்பட்டவர் கேட்காமல் அந்தப் பக்கத்தை யாரும் திறக்கப் போவதில்லையாம். சம்பந்தப்பட்டவருக்கு அந்தப் பக்கம் அப்படியே இருக்க வேண்டுமாம்.

ஒரு மணி நேரம் கழித்து சம்பந்தப்பட்டவரே போன் செய்தார். எனக்குக் குரலைக் கேட்டதும் எழுந்து நிற்கத்தான் தோன்றியது. டிவியில் வருகிற மாதிரியேதான் பேசுகிறார், கொஞ்சம் மெதுவாக. "எனக்கு முதல் பேர் எழுதினது நீங்கதானே? எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்கீங்க, எங்கப்பாவே அப்படி எழுத மாட்டார்" என்றார். அப்புறம் உங்களைப் பற்றிக் கேட்டார். நீங்கள் இருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. அண்ணியைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றேன்.

"அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க" என்றார். "நான் எத்தனை மணிக்குப் பொறந்தேன்? எங்கம்மாவுக்குத் தெரியாது. பண்ணையம்மாவுக்கும் நெனப்பில்ல, கடிகாரம் தலைமாட்டுப் பக்கம் இருந்துச்சாம். ஒவ்வொரு பேட்டியிலயும் ஒவ்வொரு நேரம் அடிச்சு விட்டுட்டிருக்கேன்."

அன்றைய பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் கிடையாது. இதை என்னால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு நினைவிருக்குமா?

இன்னொன்று. நீங்கள் சரி என்றால், இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு அவரும் அந்த அம்மாவும் உங்களைப் பார்க்க வருகிறார்களாம். கேமரா இல்லாமல். முடியாது என்றாலும் வருத்தப்பட மாட்டேன் என்று சொல்லச் சொன்னார். நானும் வரலாமா?

பேனாக்காரி


மார்ச் 12, வெள்ளி

என் பேனாக்காரிக்கு,

காலை ஒன்பது மணி ஐந்து நிமிஷம்.

எப்படி மறக்கும்? அவளுக்கு இதையும் சொல். இல்லை, நானே சொல்கிறேன், ஆனால் என் குரல் எப்படி வருமோ தெரியாது, அதனால் முன்கூட்டி நீ சொல்லி வைத்துவிடு.

அவள் பிறந்ததும் அழவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. விடியற்காலையில்தான் பக்கத்துக் கட்டிலில் ஒன்று அழாமலே போயிருந்தது. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டப் போனேன். அதற்குள் அவள் வாயை ஆவென்று திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். பிறந்து அரை நிமிஷம் ஆகவில்லை, எங்களை எல்லாம் பார்த்து அலுத்துப்போன மாதிரி ஒரு கொட்டாவி. அந்தப் பதினெட்டு வயதுப் பெண், இரவெல்லாம் வலியில் கத்திய பெண், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த டிரைவர் மனைவி, சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். விடிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. கொட்டாவி விட்டதைச் சொன்னேன். அவள் முகத்திலும் ஒரு கோடு மாதிரி சிரிப்பு வந்தது. அதை அந்தப் பெண் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் என் கையைப் பிடித்தாள்.

விடியற்காலைக் குழந்தையையும் நான் மறக்கவில்லை. டிரைவர் மனைவி அதை அரை மணி நேரம் மடியில் வைத்திருந்தாள். அதுவும் பெண்தான், நிறைய முடி. கண்டக்டரம்மாவுக்கு அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது நேரில். உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியது.

வரச் சொல். இரண்டு பேரையும் வரச் சொல். நீ வரலாமா என்று கேட்டாயே, அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு உன் காதைத் திருக வேண்டும் போல இருந்தது. நீ வராமல் அவர்கள் வந்து என்ன? மருமகள் அதற்குள் திரைச்சீலையைத் துவைத்துவிட்டாள். மகன் மாடி அறையில் இருந்த பழைய சாமானை எல்லாம் இறக்கிவிட்டு உனக்குக் கட்டில் போட்டிருக்கிறான். எதிர்வீட்டுக்காரர், கண்டக்டரம்மாவுக்கு வண்டி நிறுத்த இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு வாரம் முன்பே தெருவில் கோடு போட்டுக்கொண்டு திரிகிறார். யார் வருகிறார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். எத்தனை நாள் தாங்குவாரோ.

ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை வராதே. வியாழக்கிழமையே வந்துவிடு. அவர்கள் வரும் முன்னால் எனக்கு உன்னை மூன்று நாள் வேண்டும். காலை பத்து மணி பஸ்ஸில் கிளம்பு. அதை விட்டால் அடுத்தது மூன்று மணிக்குத்தான், அதில் உட்கார இடம் கிடைக்காது.

அண்ணி